கீழ்ப்பாக்கம் முதல் கொல்லிமலை வரை: ஒரு துண்டுச் சீட்டின் வரலாறு

கொல்லிமலை என்றதும் நம் நண்பர்களுக்கு ஞாபகம் வருவது என்ன? வல்வில் ஓரி, அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை அருவி, அப்புறம் அந்த 70 கொண்டை ஊசி வளைவுகள்! எத்தனையாவது வளைவில் யாருக்கு வாந்தி வந்தது என்று டூர் போனவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அதே வளைவுகளில் பூச்சிமருந்து குடித்தவரை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸும் இறங்கியிருக்கிறது. அப்படி இறங்கியவருக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரி வார்டில் எழுதப்படும், சில சமயம் எழுதாமலே விடப்படும், ஒரு சீட்டைப் பற்றியதே இக்கட்டுரை. "மனநல மருத்துவரின் கருத்து தேவை" என்ற ஒரே வரிதான் அதில் இருக்கும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு.

மதிலுக்குள் ஒரு காலம்

சென்னையில் மனநோயாளிகளுக்கென்று தனி விடுதி 1794-லேயே தொடங்கிவிட்டது. தொடங்கியவர் வாலண்டைன் கனோலி என்ற ஆங்கிலேய டாக்டர். 1871-ல் கீழ்ப்பாக்கத்தில் பெரிய காப்பகம் திறக்கப்பட்டது. 1922-ல் அது அரசு மனநோய் மருத்துவமனை ஆயிற்று. 1978-ல் மனநலக் கழகம் எனப் பெயர் பெற்றது. அந்தக் காலத்தில் உள்ளே போவது லேசான காரியமல்ல. 1912-ம் ஆண்டுச் சட்டப்படி பெரும்பாலும் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். கொல்லிமலை விவசாயிக்கோ கீழ்ப்பாக்கம் 300 கிலோமீட்டருக்கு அப்பால். வீட்டில் ஒருவருக்கு மனம் தடுமாறினால் கோயில், மந்திரிப்பு, பூட்டிய அறை, இவைதான் கைக்கு எட்டிய வைத்தியம்.

மதிலைத் தாண்டியவர்கள்

அமெரிக்காவில் ஆல்பனி நகரப் பொது மருத்துவமனை 1902-லேயே மனநோய்க்கு ஒரு வார்டு வைத்துப் பார்த்தது. நம் நாட்டில் அந்தப் பெருமை கல்கத்தாவைச் சேர்ந்தது. 1933-ல் டாக்டர் கிரீந்திரசேகர் போஸ் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் மனநோய்ப் பிரிவைத் தொடங்கினார். காய்ச்சலுக்கும் கைமுறிவுக்கும் வருகிற அதே வாசல் வழியே மனநோயாளியும் வரலாம் என்று ஆயிற்று! 1952-ல் பாரிஸ் டாக்டர்கள் குளோர்புரோமசின் மருந்தை மனநோய்க்குப் பயன்படுத்தியபின் சாதாரண வார்டிலேயே வைத்து வைத்தியம் பார்ப்பது இன்னும் சுலபமாயிற்று. நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-ல் பாகாயத்தில் மனநல மையம் தொடங்கி, குடும்பத்தாரையும் நோயாளியோடு தங்க வைத்தது.

சீட்டின் வேலை என்ன?

நான் டாக்டர் அல்ல. மெஷினோடு மாரடிக்கும் இன்ஜினியர். மோட்டார் அடிக்கடி டிரிப் ஆகிறது. ஃபிட்டர் பேரிங்கைப் பார்க்கிறார், நல்லாத்தான் இருக்கு. உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறோம். அதில் ஃபிட்டருக்கும் அவமானமில்லை, மோட்டாருக்கும் அவமானமில்லை! வார்டில் எழுதும் சீட்டும் அப்படித்தான்.

ஒரு உதாரணம். கால் முறிந்து படுத்தவர் மூன்றாம் நாள் கை நடுங்கி, சுவரில் பூச்சி ஊருதுன்னு கத்துகிறார். "காத்து கருப்பு அடிச்சிருச்சு" என்பார்கள் உறவினர்கள். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தியதால் வரும் ஜன்னி அது. கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. உரிய மருந்தும் தயமின் என்ற வைட்டமினும் கொடுத்தால் பெரும்பாலோர் சில நாளில் தெளிந்துவிடுவார்கள்.

அதைவிட முக்கியம், விஷம் குடித்துப் பிழைத்தவர். குடலைக் கழுவி, மாற்று மருந்து கொடுத்து, உயிரைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்ததா? ஒரு தடவை முயன்றவர் மறுபடி முயலும் அபாயம் அதிகம். வீடு திரும்பிய முதல் சில வாரங்கள் மிகவும் மோசமானவை என்பது உலகெங்கும் கண்ட உண்மை. அவரைக் குடிக்க வைத்த கடனோ, சண்டையோ, மனச்சோர்வோ மலையில் அப்படியேதானே காத்திருக்கும்! சீட்டு எழுதப்படாவிட்டால் அந்த ஆம்புலன்ஸ் பயணம் பாதிப் பயணம்தான்.

சட்டம் நகர்ந்த கதை

1860-ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரையே குற்றவாளியாக்கியது. போலீஸுக்குப் பயந்து "தெரியாம குடிச்சிட்டார்" என்று குடும்பமே மறைக்கும். உண்மை வராத இடத்தில் சீட்டு எப்படி வரும்?

6-8-2001 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கினர். 28 பேர் மாண்டனர். நாடே தலைகுனிந்தது. 2017-ல் இயற்றப்பட்டு 2018-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், சிகிச்சை தருவது அரசின் கடமை என்றும் சொன்னது. 1-7-2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309-வது பிரிவே இல்லை.

தூரமும் குறைந்து வருகிறது. மாவட்ட மனநலத் திட்டம் தமிழகத்தில் 1997-ல் நமக்குப் பக்கத்துத் திருச்சியில் முதலில் வந்தது. மலையடிவார நாமக்கல்லில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது.

நாம் செய்யக்கூடியது

மதில் போயிற்று, மாஜிஸ்திரேட் போனார், தண்டனையும் போயிற்று. மிச்சமிருப்பது வெட்கம் ஒன்றுதான். "எங்க ஆளைப் பைத்தியம்னு எழுதிட்டீங்களா?" என்று டாக்டரிடம் சண்டை போடும் உறவினர், அந்தச் சீட்டைத் தாமே கிழித்துப் போடுகிறார். அந்த உறவினர் நாளைக்கு நாமாகவும் இருக்கலாம். அப்போது, "டாக்டர், மனநலப் பிரிவுலயும் ஒரு வார்த்தை கேட்டுடலாமா?" என்று நாமே கேட்போம்.

தற்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அரியர், காதல், வீட்டுக் கடன் எதுவானாலும், தூக்கம் போய் மனசு தாங்கலைன்னா அண்ணன்களிடம் சொல்லுங்க. சொல்லக் கூச்சமா இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் போன் பண்ணுங்க; காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். அதற்குச் சீட்டும் தேவையில்லை!