குச்சுப் பள்ளியிலிருந்து பூமலை வரை



சில ஆண்டுகளுக்கு முன், உயர்நிலை முதலாம் வகுப்பு மாணவர்களிடம் "சிங்கப்பூரில் தமிழர் பதித்த சுவடுகள்" என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். உதவிக் குறிப்புகளாக நான் வெண்பலகையில் எழுதியவை மூன்று: மாரியம்மன் கோயில், வீரமாகாளியம்மன் கோயில், பெருமாள் கோயில். வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவன் என் மேசையருகே வந்து நின்றான். "ஐயா, எங்கள் தாத்தா தொழுத பள்ளிவாசலையும் தமிழர்கள்தானே கட்டினார்கள்? அதை எழுதலாமா?" என்று தயங்கியபடி கேட்டான்.

அவன் அனுமதி கேட்டதுதான் என்னைச் சுட்டது. தன் வீட்டு வரலாற்றை எழுத ஒரு பிள்ளை ஆசிரியரிடம் அனுமதி கேட்கிறான் என்றால், அப்பிழை என்னுடையதே. அதன்பின் வந்த விடுமுறையில் நானே நடந்து சென்று பார்த்தவற்றையும் படித்தறிந்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன். உங்கள் பிள்ளைகளை அழைத்துச் செல்ல இது பயன்படட்டும்.

பெரிய பள்ளி

சைனாடவுனின் நடுவே சவுத் பிரிட்ஜ் சாலையில் பச்சை நிற இரட்டைக் கோபுரங்களுடன் நிற்பது ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களை அக்காலத்தில் "சூலியா" என்று அழைத்தனர். ஆங்கிலேயர் இத்தீவில் வணிகத்தளம் அமைத்தது 1819இல். ஏழே ஆண்டுகளில், 1826இல், அன்சார் சாஹிப் என்பவரின் தலைமையில் சூலியா மக்கள் இப்பள்ளிவாசலை நிறுவினர். இன்று நாம் காணும் கட்டடம் 1830களில் எழுந்தது. தமிழர் நாவில் இதன் பெயர் "பெரிய பள்ளி".

பிள்ளைகளுக்கு இங்கே காட்டவேண்டியது ஒன்று உண்டு. வாயிற்கோபுரங்கள் சாலையை நேராக நோக்கி நிற்க, உள்ளேயுள்ள தொழுகைக்கூடமோ சற்றுத் திரும்பி நிற்கும். வாயில் தெருவைப் பார்க்கிறது. கூடம் மக்காவின் திசையைப் பார்க்கிறது.

பள்ளிவாசலின் ஒருபுறம் மாஸ்க் ஸ்திரீட். மறுபுறம் பகோடா ஸ்திரீட். முன்னது இந்தப் பள்ளிவாசலாலும், பின்னது 1827இல் நாராயண பிள்ளை நிறுவிய மாரியம்மன் கோயிலின் கோபுரத்தாலும் பெயர் பெற்றவை. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் இடையே ஒரு தெருவின் அகலம்தான். சீனர் மிகுந்து வாழ்ந்த பகுதியில் இரண்டு தெருக்களுக்குப் பெயர் வரக் காரணமானவை தமிழர் எழுப்பிய இரண்டு கட்டடங்கள். இதைச் சொன்னபோது என் வகுப்பில் பலர் நம்பவில்லை; வரைபடத்தைக் காட்டவேண்டியிருந்தது.

கடற்கரையாக இருந்த தெரு

அங்கிருந்து சிறிது தொலைவு நடந்தால் தெலுக் ஆயர் தெரு. மலாய் மொழியில் "தெலுக்" என்றால் குடா. "ஆயர்" என்றால் நீர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து நிலமாக்கும்வரை அலைகள் இத்தெருவின் விளிம்பைத் தொட்டன. நாகப்பட்டினத்திலிருந்தும் சீனத்திலிருந்தும் கப்பலில் வந்தோர் கரையேறிய இடம் இது. உயிருடன் கரை சேர்ந்தவர்கள் முதலில் செய்தது நன்றி சொன்னதுதான்.

தமிழ் முஸ்லிம்கள் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவாக 1828க்கும் 1830க்கும் இடையே நாகூர் தர்காவைக் கட்டினர். கடலோடிகள் அந்த இறைநேசரைத் தங்கள் காவலராகக் கருதினர். இங்கே அடக்கத்தலம் இல்லை. நாகூரின் நினைவு மட்டுமே உண்டு. 2011 முதல் இக்கட்டடம் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்குகிறது. பக்கத்தில் தெலுக் ஆயர் பசுமைத் தோட்டம் என்ற சிறு பூங்கா. குடியேறிகளின் வாழ்வைச் சொல்லும் வெண்கலச் சிலைகள் அங்கே உள்ளன. அதையடுத்து ஹொக்கியன் சீனர்கள் கடலன்னைக்கு எடுத்த தியன் ஹொக் கெங் ஆலயம். அதையும் தாண்டினால் அல்-அப்ரார் பள்ளிவாசல்.

அல்-அப்ராரின் பழைய பெயர்தான் தமிழாசிரியனாகிய எனக்கு மிகவும் பிடித்தது: "குச்சுப் பள்ளி". குச்சு என்றால் ஓலைக்குடிசை. 1827இல் இது உண்மையிலேயே ஒரு குடிசையாக இருந்தது. 1850களில் செங்கற் கட்டடமாக உயர்ந்தபின்னும் மக்கள் பழைய பெயரை விடவில்லை. கூரை போய்விட்டது, சொல் நிலைத்துவிட்டது. பெரிய பள்ளி, குச்சுப் பள்ளி, நாகூர் தர்கா ஆகிய மூன்றும் 1974இல் தேசிய நினைவுச்சின்னங்களாயின.

டன்லப் தெருவின் கதிரவன்

லிட்டில் இந்தியாவில் டன்லப் தெருவிலுள்ள அப்துல் கபூர் பள்ளிவாசலைக் கடந்து செல்லாதோர் நம்மில் குறைவு. உள்ளே சென்றோர் அதைவிடக் குறைவு. முன்பு இவ்விடத்தில் மரத்தாலான சிறு பள்ளிவாசல் இருந்தது. அருகிலிருந்த குதிரைப் பந்தயத் திடலில் வேலை செய்த குதிரைக்காரர்களும் தென்னிந்திய வணிகர்களும் அங்கே தொழுதனர். பந்தயத் திடல் 1933இல் இடம் மாறிவிட்டது. ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் எஞ்சியது.

ஷேக் அப்துல் கபூர் என்பவர் ஒரு சட்ட நிறுவனத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர். அவருடைய முயற்சியால் 1907இல் தொடங்கிய இன்றைய கட்டடம் 1927இல் நிறைவுற்றது. தலைவாயிலின் மேலே விரியும் கதிரவனைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதற்கு 25 கதிர்கள்; ஒவ்வொன்றிலும் ஒரு நபியின் பெயர் அரபு எழுத்தில். எண்ணிப் பார்க்கச் சொன்னால் அரைமணி நேரம் அமைதியாக இருப்பார்கள்!

பூமலை

நிறைவாக ஒரு தோட்டம். 1859இல் தொடங்கப்பட்டு, 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமான தாவரவியல் தோட்டத்தை நம்மவர்கள் "பூமலை" என்று அழகாகப் பெயரிட்டழைத்தனர். விடுமுறை நாள்களில் கட்டுச்சோற்றுடன் செல்லும் இடம் என்ற அளவிலேயே நம்மில் பலர் அதை அறிவோம். ஆனால் 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் வந்தன. அவற்றில் சில இங்கே நடப்பட்டன. 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். விதைகளை நடுமாறு மலாயாத் தோட்டக்காரர்களை விடாது வற்புறுத்தினார்.

பின்னர் மலாயாவெங்கும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அங்கே பால் வெட்டக் கங்காணிகள் வழியே தமிழகத்திலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வந்தனர். நம்மில் எத்தனை பேரின் பாட்டன், பாட்டி பால்மரக் காட்டில் உழைத்தவர்கள்! அவர்களின் பயணத்தைத் தீர்மானித்த நாற்றுகள் இப்புல்வெளிக்கு அருகேதான் வேர்விட்டன.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும்

பள்ளிவாசல்களுக்குச் செல்வோர் தோளும் முழங்காலும் மறைய உடுத்துங்கள். காலணியை வெளியே விடுங்கள். தொழுகை வேளைகளையும் வெள்ளி நண்பகலையும் தவிர்த்திடுங்கள். மாணவர் கூட்டமாகச் செல்வதாயின் முன்னரே தெரிவிப்பது மரியாதை.

இன்னொரு செய்தி. பீட்டி சாலையில் நம் பிள்ளைகள் தமிழ் பயிலும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தின் பெயர், சீறாப்புராணம் பாடிய புலவருடையது. 1946இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கிய பள்ளி, பிறகு சிங்கப்பூரின் ஒரே தமிழ் உயர்நிலைப்பள்ளியாக வளர்ந்தது. அது மூடப்பட்டபின் 1983இல் தோன்றிய நிலையம் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. மதம் பாராமல் அப்பள்ளியில் எத்தனையோ பிள்ளைகள் தமிழ் படித்தனர்.

அந்த மாணவன் தன் கட்டுரையைக் குச்சுப் பள்ளியைப் பற்றியே எழுதினான். தாத்தாவிடம் கேட்டு எழுதியதால், பாடநூலில் இல்லாத பல சொற்கள் அதில் இருந்தன. இப்போது அதே தலைப்பைக் கொடுக்கும்போது வெண்பலகையில் நான் எந்தக் குறிப்பும் எழுதுவதில்லை. "முதலில் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வாருங்கள்" என்று மட்டுமே சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியன்