ஒமகாசே: ஒரு சொல்லும் அதன் பின்னுள்ள நாள்காட்டியும்

ஒமகாசே விருந்தைத் தொன்மையான ஜப்பானிய மரபாகவே பயண எழுத்துகள் பல அறிமுகப்படுத்துகின்றன. வரலாறு அதற்கு இடந்தரவில்லை.

'மகாசெரு' என்றால் ஒப்படைத்தல். அவ்வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல்லோடு 'ஒ' என்னும் மரியாதை முன்னொட்டுச் சேர, 'உங்கள் பொறுப்பில் விடுகிறேன்' என்ற பொருள் கிடைக்கிறது. அன்றைய மீன்வரத்தைப் பார்த்துச் சமையற்கலைஞரே உணவைத் தீர்மானிக்கிறார்.

சுஷியோ பதப்படுத்தும் முறையாகத் தொடங்கியது. உப்பிட்ட மீனைச் சோற்றில் பொதிந்து மாதக்கணக்கில் நொதிக்கவிட்டனர். பிவா ஏரிப் பகுதியின் ஃபுனாசுஷி இன்றும் அதற்குச் சான்று. 927இல் நிறைவுற்ற எங்கிஷிகி என்னும் சட்டத்தொகுப்பு, மாகாணங்கள் செலுத்தவேண்டிய வரிப்பொருள்களுள் சுஷியையும் குறிப்பிடுகிறது. வினிகர் கலந்த சோற்றைக் கையால் பிடித்து மீன்துண்டு வைக்கும் நிகிரி, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடோ நகரில் பரவியது. தெருக்கடையில் நின்றபடியே உண்ணும் அவசர உணவு அது. 1947இல் உணவகங்களுக்குக் கட்டுப்பாடு வந்தபோது டோக்கியோ சுஷிக் கடைகள் ஒரு மாற்றுவழியால் பிழைத்தன: வாடிக்கையாளர் ஒரு 'கோ', அதாவது ஏறத்தாழ 180 மில்லிலிட்டர், அரிசியும் கூலியும் கொடுத்தால் பத்துத் துண்டுகள் கிடைக்கும். அளவு முன்பே வரையறுக்கப்பட்ட அந்த ஏற்பாட்டில் ஒப்படைப்புக்கு இடமில்லை. ஒமகாசே உயர்விலை விருந்தாக நிலைபெற்றது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

ஆயினும் அதன் பருவச் சொற்கள் பழையவை. உணவுப்பொருள் உச்சச் சுவையில் இருக்கும் காலம் 'ஷுன்'. அதே எழுத்துக்குப் பத்து நாள் என்பது மூலப்பொருள். மாதத்தை மூன்றாகப் பகுக்க இன்றும் அது பயன்படுகிறது. பருவத்தின் முதல்வரவு 'ஹஷிரி'. கடைசி வரவு 'நகோரி'. அலை பின்வாங்கியபின் எஞ்சுவதையும் நகோரி என்றே வழங்கினர். ஒரே மீன் வளர வளர ஷின்கோ, கொஹாதா, நகாசுமி, கொனோஷிரோ எனப் பெயர் மாறும். கோடையில் ஷின்கோ வந்தது என்றால், மீனோடு காலமும் அறிவிக்கப்படுகிறது.

இன்று இச்சொற்களுக்கும் கடலுக்கும் இடையே விரிசல் விழுகிறது. குளிர்காலத்தில் ஹொக்குரிக்குக் கரையின் பெருமையாக இருந்த புரி, இப்போது வடக்கே ஹொக்கைடோவிலும் பெருமளவில் பிடிபடுகிறது. சன்மா, கணவாய் வரத்துச் சரிந்துள்ளது. கடல் வெப்பமடைவது இதற்கு முக்கியக் காரணமாகச் சுட்டப்படுகிறது.

உண்பவர் சமையற்கலைஞரை நம்புகிறார். அவர் மீன்சந்தையை நம்புகிறார். சந்தை நம்பியிருப்பது கடலின் ஒழுங்கை. அந்த ஒழுங்கு குலைந்தபின் ஷுன் என்ற சொல் எதைக் குறிக்கும்? சொற்பொருள் மாற்றத்தை அகராதிகளில் மட்டும் தேடும் நாம், மீன்சந்தைப் பதிவேடுகளையும் வாசிக்கவேண்டிய காலம் இது.