காம்பரா

விடிகாலையில் எல்ல ரயில் நிலையத்திலிருந்து தெமோதரைப் பக்கமாக நடந்தால், பனிமூட்டத்துக்குள் ஒன்பது வளைவுப் பாலம் தெரியும். 1921இல் கட்டி முடித்தது. கல்லும் செங்கல்லும் சீமெந்தும் வளைந்து நின்று ரயிலைத் தாங்குகின்றன. பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் தகரக் கூரையோடு நீண்டு கிடக்கும் தொழிலாளர் லயங்களில் அப்படி ஒரு வளைவும் இல்லை. ஆனால் அங்கே ஒரு குடும்பம் வாழும் அறைக்குப் பெயரான ‘காம்பரா’ வளைவில் பிறந்த சொல்.

கிரேக்கத்தில் ‘கமாரா’ என்றால் வளைந்த கூரை. லத்தீனில் அது ‘கமெரா’ ஆகி, அந்தக் கூரைக்குக் கீழுள்ள அறையையும் குறித்தது. இத்தாலியர் இன்றும் அறையைக் ‘காமெரா’ என்றே சொல்கிறார்கள். 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயரின் ‘காமரா’ சிங்களத்தில் ‘காமரய’ ஆயிற்று. மலையகப் பேச்சில் காம்பரா. அதிலுள்ள பகரம், மகரத்தை அடுத்து உதடு தானாகச் சேர்த்துக்கொண்ட ஒலி. பிரெஞ்சுக்காரரின் ‘ஷாம்ப்ர்’, ஆங்கிலேயரின் ‘சேம்பர்’ இரண்டிலும் அதே வேலை நடந்திருக்கிறது. படம் பிடிக்கும் கேமராவும் இந்தக் குடும்பம்தான். ‘இருட்டறை’ என்னும் பொருளுள்ள லத்தீன் தொடரின் பாதி அது. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இரட்டை லயத்தில், பின்சுவரில் ஜன்னலே இல்லாத காம்பராவுக்கு அந்தப் பொருள் அப்படியே பொருந்துகிறது.

காம்பராவின் முன்னால் இருக்கும் தாழ்வாரமான ‘இஸ்தோப்பு’ ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். ‘லயம்’ ஆங்கிலேயரின் ‘லைன்’. குதிரை லாயத்திலிருந்து வந்தது என்பாரும் உண்டு. வாழ்ந்தவர்களின் வேதனை அந்த விளக்கத்தில் இருக்கிறது; ஆயினும் பட்டாளத்தாரின் வரிசைக் குடியிருப்பை ஆங்கிலேயர் ‘லைன்’ என்றதே மூலம் என்பது என் முடிவு. ஆண்ட மூவரும் பத்துக்குப் பன்னிரண்டு அடி வீட்டுக்கு ஆளுக்கொரு சொல் தந்திருக்கிறார்கள். தேயிலை வளர்த்தவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் காணி உறுதி மட்டும் கிடைக்கவில்லை.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மண் மூடியது. லயக் குடியிருப்புகள் போகத்தான் வேண்டும். சொந்தக் காணியில் தனி வீடுகள் வரவேண்டும். அதற்குள், தோட்டத்துப் பிள்ளைகளே, உங்கள் அப்பாயி, அம்மாயியிடம் லயத்து வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் என்ன பெயர் என்று கேட்டு எழுதி வையுங்கள்.