வெட்சிப்பூவும் 'ஸ்கின்'னும்

கேமில் காசு கொடுத்து 'ஸ்கின்' வாங்குறவங்களைப் பார்த்தா எனக்குப் புலிமான்கோம்பைதான் ஞாபகம் வரும். தேனி மாவட்டத்தில், வைகைக் கரை ஊர். 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் அங்கே தமிழ்-பிராமி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அதில் ஒன்று, கூடல் ஊர் ஆகோளில், அதாவது மாடு கவரும் சண்டையில், பட்ட அந்தவனுக்கு நட்டது. கூடல் மதுரைக்கும் பேர். கம்பம் பள்ளத்தாக்கிலும் ஒரு கூடலூர் இருக்கு.

இலக்கணப்படி ஆநிரை கவரப் போறவங்க சூடுறது வெட்சி, நம்ம செவப்பு இட்லிப்பூ. மீட்க வருபவர்களுக்குக் கரந்தை. பூ அடையாளம்தான். ஆனா எதிரியையும் அசைத்ததா?

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் குத்துச்சண்டை, டேக்வாண்டோ, மல்யுத்தப் போட்டிகளை ஹில், பார்ட்டன் இருவரும் எண்ணினார்கள். சிவப்போ நீலமோ, வீரர்கள் தேர்ந்தெடுத்ததல்ல. சிவப்பு சுமார் 55% வென்றிருந்தது. 'அன்ரியல் டோர்னமென்ட் 2004' கேமை வைத்து 2008-ல் வந்த ஆய்விலும் ஏறக்குறைய அதே கணக்கு.

காரணம் எதிரியின் பயமா, அணிந்தவனின் தெம்பா, நடுவரின் கண்ணா? கேமில் புள்ளி போட நடுவர் இல்லை. மூன்றாவது அங்கே அடிபடுது. மற்ற இரண்டையும் இந்தக் கணக்கு பிரித்துக் காட்டாது.

நேருக்கு நேர் போரில் இரு தரப்புக்கும் ஒரே பூ, வெள்ளைத் தும்பை. அங்கே நிறத்தால் யாருக்கும் லாபமில்லை. அந்தவன் கல்லிலும் பூவைப் பற்றிப் பேச்சில்லை; பேர், ஊர், ஆகோள், அவ்வளவுதான்.