தொட்டிக்கட்டும் 23ஆம் பிரிவும்

பழனிக்கு மேற்கே, மலையடிவாரத்தை ஒட்டிய நெய்க்காரப்பட்டியில் அன்பர் ஒருவர் தம் பூர்விக வீட்டைப் புதுப்பிக்க வரைபடம் தயாரித்திருப்பதாக அறிந்து, பழங்கட்டடங்களின் மீதுள்ள பித்தால் நாமும் பார்க்கச் சென்றிருந்தோம். கொங்கு வழக்கில் தொட்டிக்கட்டு வீடு என்பார்களே, அதுதான். தெருவோரம் திண்ணை, உள்ளே நடை, அதைத் தாண்டினால் வானம் பார்த்த தொட்டி, நாற்புறமும் ஆசாரம், ஆசாரத்தை ஒட்டி அறைகள், கடைசியில் சமையற்கட்டு, அப்பால் பொடக்காளி. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்று ஓடுகளை உலுக்குகிற ஊர் இது. அறைகளுக்கு வெளிப்பக்கம் பெரிய சன்னல்கள் கிடையா. வெளிச்சமும் காற்றும் தொட்டியின் வழியேதான் வந்திறங்குகின்றன.

புதிய வரைபடத்தில் தொட்டியைக் கான்கிரீட் தளம் மூடியிருந்தது. நடுவே ஒரு சுவர். அண்ணனுக்கு வடபாகம், தம்பிக்குத் தென்பாகம். ஆளுக்கு இரண்டு படுக்கையறை, ஒரு சமையலறை. வரைந்தவரைக் குறைசொல்ல ஏதுமில்லை, கேட்டதை வரைந்திருக்கிறார். அவ்வீட்டில் முதலில் பிறந்தவரான அக்காவுக்கு அதில் ஓர் அறைகூட இல்லாததுதான் நம்மை உறுத்தியது. அவரிடமே கேட்டோம். “எனக்கெதுக்குங்க பாகம்? வந்தாப் படுக்க ஒரு ஓரம் இருந்தாப் போதும்” என்றார்.

ஏறக்குறைய இதையேதான் ஒரு சட்டமும் அரை நூற்றாண்டுக் காலம் சொல்லிவந்தது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளையும் வாரிசாக ஏற்றது. ஆனால் குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டை மட்டும் 23ஆம் பிரிவில் தனியே எடுத்துவைத்தது. ஆண் வாரிசுகள் தாமாகப் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு அவ்வீட்டில் பாகம் கேட்க இயலாது. வசிக்கலாம், அதுவும் மகளானால் மணமாகாதவளாகவோ, கணவனால் கைவிடப்பட்டோ, பிரிந்தோ, விதவையாகவோ இருத்தல் வேண்டும். வாழ்வு குலைந்தால்தான் பிறந்தகத்தில் இடம்! சமையற்கட்டை ஒட்டி ஓர் இருட்டறை இருக்கிறது. அக்காவின் மூன்று பிரசவங்களும் அதில்தான் நிகழ்ந்தன. அந்தச் சட்டப்பிரிவைச் செங்கல்லால் கட்டினால் இந்த அறைதான் வரும் என்று தோன்றிற்று.

ஆண் வாரிசு ஒருவரே இருந்தாலும் இத்தடை செல்லும் என்று 1996இல் உச்சநீதிமன்றம் கூறியது. பிரித்துக்கொள்ள மற்றோர் ஆண் இல்லாத வீட்டில் அப்பெண் எதுவரை காத்திருப்பாள்? இதற்கிடையே 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே தமிழ்நாடு, கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே பங்குரிமை அளித்தது. முன்னோடியான சட்டம்தான். ஆனால் அதற்கு முன்பே மணமானவர்களை விலக்கிவிட்டது. 23ஆம் பிரிவையும் தொடவில்லை. அக்காவுக்குத் திருமணம் நடந்தது 1984இல்.

அப்பிரிவு 2005 செப்டம்பர் 9 அன்று நீங்கியது. மணமான மகளுக்கும் பிறப்புரிமை வந்தது. அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்பதையும் 2020 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. நெய்க்காரப்பட்டி வீடு இன்றுவரை பத்திரப்படி பிரிக்கப்படாதது. எனவே அந்த நடுச்சுவர் கட்டடக்கலையாலும் பிழை, சட்டத்தாலும் பிழை.

வீட்டைத் திருத்துவோர் பெரும்பாலும் சமையலறை எங்கே, கழிப்பறை எங்கே என்று தொடங்குகிறார்கள். மனையடி சாஸ்திர நூலை விரித்து அடிக்கணக்குப் பார்ப்பவர்களும் உண்டு. யார் யாருக்கு என்ற கேள்வியை எவரும் வரைபடத்தின்மேல் வைப்பதில்லை. இத்தனைக்கும் நம் விவசாயக் குடும்பங்களுக்குப் பிரிக்காமல் பங்கிடும் கலை புதிதன்று. தோட்டத்தை மூன்றாகப் பிரிக்கும் பாகப்பிரிவினைப் பத்திரம் கிணற்றை வெட்டுவதில்லை. கிணறும் வண்டிப்பாதையும் பொது என்றெழுதி முறைவைத்து இறைத்துக்கொள்கிறார்கள். கிணற்றுக்குச் செய்வதைத் தொட்டிக்குச் செய்யலாகாதா என்று கேட்டோம். அண்ணன் சற்று யோசித்துவிட்டு, பென்சிலை எடுத்து நடுச்சுவரை அடித்தார்.

இப்போதுள்ள வரைபடத்தில் தொட்டியும் ஆசாரமும் பொது. தொட்டிக்கு மேலே மழையைத் தடுத்து ஒளியை விடும் உயர்த்திய கூரை. இருட்டறையின் சுவரைத் திறந்து, கிழக்கு ஆசாரத்துக்கு வாசல் வைத்து, அக்காவுக்கு ஓர் அறையும் குளியலறையும். இதனால் தம்பிக்கு ஒரு படுக்கையறை குறைகிறது. அவர் இன்னும் கையெழுத்திடவில்லை.