காண்டோ பள்ளியின் கூரை: ஊரார் மறுப்பை மறுவாசிப்புச் செய்தல்

புர்க்கினா பாசோவின் காண்டோ ஊர்த் தொடக்கப்பள்ளி பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. பெர்லினில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த தியெபேதோ பிரான்சிஸ் கேரே, தன் ஊருக்கு மண்ணாலேயே பள்ளி கட்டலாம் என்கிறார். ஊர் தயங்குகிறது. அவர் செய்து காட்டுகிறார். ஊர் இணங்குகிறது. இந்த வாசிப்புக்கு மூலம் கேரேயேதான். 2013-இல் டெட் மேடையில் அவர் ஆற்றிய உரையில், மண் என்றதும் ஊரார் திகைத்துப்போனதையும், மண்கட்டடம் ஒரு மழைக்காலத்தைத் தாங்காது என்று அவர்கள் வாதிட்டதையும், தாம் அவர்களை நம்ப வைக்க வேண்டியிருந்ததையும் விவரிக்கிறார். 2004-இல் ஆகா கான் விருதும் 2022-இல் பிரிட்ஸ்கர் பரிசும் பெற்ற ஒருவரின் சொந்த வாக்குமூலம் என்பதால் இதை யாரும் உரசிப் பார்க்கவில்லை.

இதில் நிகழ்ச்சி பொய் என்பதல்ல என் வாதம். ஊர் மறுத்தது உண்மைதான். அந்த மறுப்பை வெல்லப்பட வேண்டிய தடையாகப் படிப்பதுதான் பிழை. என் வாசிப்பில், மழை குறித்த அந்த மறுப்பே இந்தப் பள்ளியின் முதல் வடிவமைப்புக் குறிப்பு. தட்பவெப்பத்துக்கு ஏற்ற பள்ளி வேண்டும் என்ற கோரிக்கை பெர்லினிலிருந்து ஊருக்கு வந்ததாகச் சொல்கிறோம். அதன் கடினமான பாதியை முன்வைத்தது ஊர்.

மறுப்பின் உள்ளடக்கத்தைக் கவனிக்க வேண்டும். மண் அழகில்லை, மண் ஏழைகளுக்கானது என்ற வகை எண்ணங்களும் ஊரில் இருந்திருக்கலாம். கண்ணாடியும் கான்கிரீட்டும் நிறைந்த ஜெர்மனியில் படித்தவரிடம் மண்ணை எதிர்பார்க்காதது இயல்பு. ஆனால் கேரேயின் சொற்களிலேயே முன்னுக்கு நிற்பது மழை. காண்டோ இருக்கும் சமவெளியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழை பெரும்பாலும் சூறைக்காற்றோடு சாய்ந்து அடிக்கும். சுவரின் உச்சியையும் அடியையும் ஒருசேரத் தாக்கும். மண்வீட்டில் பிறந்து, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் சுவரைப் பூசிப் பூசி வாழ்ந்தவர்கள் சொன்ன கருத்து இது. அதை அறியாமை என்பதைவிடக் களச்சோதனையின் முடிவு என்பதே பொருந்தும். பள்ளிக்கூடம் வீட்டைப் போன்றதும் அல்ல. வீட்டுச் சுவரை வீட்டுக்காரர் பூசுவார். பொதுச் சுவரை ஆண்டுதோறும் யார் பூசுவது? இந்தக் கேள்வியை உரையின் வாசிப்பு விட்டுவிடுகிறது.

இனிக் கட்டடத்தைச் சான்றாகக் கொள்வோம். 2001-இல் முடிந்த பள்ளியில் மூன்று வகுப்பறைகள் ஒரே வரிசையில், இடையிடையே கூரை வேய்ந்த திறந்த வெளிகளுடன் நிற்கின்றன. சுவர்கள் அழுத்திச் செய்த மண்கற்களால் ஆனவை. மண்ணில் சிறிதளவு சிமெண்ட் கலக்கப்பட்டது. சுவரின் மேல் கான்கிரீட் உத்திரங்கள், அவற்றின் குறுக்கே இரும்புக் கம்பிகள், கம்பிகளின் மேல் மறுபடியும் மண்கற்கள், இதுவே உட்கூரை. அதற்கு மேலே இடைவெளி விட்டு, கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த சட்டங்களின் மேல் தகரக் கூரை. சூடான காற்று அந்த இடைவெளி வழியே வெளியேறுகிறது. தகரத்தின் வெம்மை அறைக்குள் இறங்குவதில்லை.

வழக்கமான விளக்கம் இங்கேயே நின்றுவிடும்; இது வெப்பத்தை வென்ற பள்ளி என்று முடியும். நான் கேட்பது சிமெண்டைப் பற்றி. வெயில் மட்டும்தான் எதிரி என்றால், உலர்த்திய சாதாரண மண்கல்லே போதும். சுவரின் குளிர்ச்சிக்குச் சிமெண்ட் எதுவும் சேர்ப்பதில்லை. மொத்தச் செலவே ஏறத்தாழ 30,000 டாலராக இருந்த கட்டடத்தில், விலை கொடுத்து வாங்க வேண்டிய ஒரு பொருளை ஒவ்வொரு கல்லிலும் கலந்ததற்குக் காரணம் வேண்டும். அந்தக் காரணம் தண்ணீர். சுவரைத் தாண்டி நெடுந்தூரம் நீளும் இறவாரத்தையும் அவ்வாறே படிக்கிறேன். நிழலுக்காக என்று சொல்லலாம்; சாரல் சுவரில் படாமல் இருக்க என்றும் சொல்லலாம். இறவாரத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. கல்லில் கலந்த சிமெண்டோடு சேர்த்துப் பார்க்கும்போது தராசு மழையின் பக்கம் சாய்கிறது.

இதற்கு ஒரு நேர்மையான எதிர்வாதம் உண்டு. சுவரே பாரம் தாங்கும் கட்டடம் இது. உத்திரத்தின் எடை முழுவதும் மண்கல்லின் மேல் இறங்குகிறது. எனவே சிமெண்ட் வலிமைக்காகவும் இருக்கலாம். இதை ஏற்கிறேன். ஆனால் வலிமை பற்றிய கவலையும் ஊர் எழுப்பிய ஐயத்துக்கு வெளியே இல்லை. மழையில் ஊறிய மண்சுவர் பாரத்தால்தான் சரிகிறது.

இன்னொரு சான்றை இங்கே விலக்கிவைக்க வேண்டும். ஊரை நம்ப வைக்க மாதிரி வளைவு ஒன்றைக் கட்டி அதன் மேல் ஏறிக் குதித்துக் காட்டியது இந்தக் கதையில் புகழ்பெற்ற நிகழ்ச்சி. 2001 கட்டடத்தின் உட்கூரை மேலே சொன்னபடி தட்டையானது. அதில் வளைவே இல்லை. 2008-இல் எழுந்த விரிவாக்கக் கட்டடத்தில்தான் உட்கூரை வளைவாகிறது. கற்களுக்கு இடையே விட்ட இடைவெளிகள் வழியே வெப்பக்காற்று மேலேறுகிறது. அந்தச் செய்முறை எந்த ஆண்டில் நடந்தது என்பதை நான் உறுதியாக நிறுவ முயலவில்லை. முதல் கட்டடத்துக்காகச் செய்து பார்த்துக் கைவிட்டிருக்கவும் வாய்ப்புண்டு. ஆனால் முதல் பள்ளிக்கு ஊர் இணங்கியதற்கான காரணமாக அதைக் காட்டுவது கட்டடத்தோடு பொருந்தவில்லை. ஒரே ஊரில் ஒரே வகைத் தகரக் கூரையின் கீழ் முதலில் தட்டை, பிறகு வளைவு என்று வரும் இந்த வேறுபாடு எனக்கு முக்கியமானது. சுவர் மழைக்கு நிற்கும் என்பது சில மழைக்காலங்கள் கடந்து மெய்ப்பட்ட பிறகே உட்கூரையில் துணிச்சல் வந்திருக்கிறது. இது என் ஊகம். ஆனால் கட்டடங்களின் வரிசை இதற்கு எதிராக இல்லை.

தொழில்நுட்பத்தின் முன்வரலாற்றைச் சுருக்கமாகவே தொடுகிறேன். மண்கல்லை நெம்புகோலால் அழுத்தும் கைப்பொறி கொலம்பியாவின் பொகோட்டாவில் ராவுல் ராமிரெஸ் உருவாக்கிய சின்வா-ராம். அதன் ஆண்டு சில நூல்களில் 1952, சிலவற்றில் 1956. 1950-கள் என்று மட்டும் கொள்வதே பாதுகாப்பு. அதே வகைக் கற்களுக்கான ஆரம் பொறிகளை நம் ஆரோவில்லில் வடிவமைத்ததைத் தமிழ் வாசகர்கள் அறிவர். மேற்கு ஆப்பிரிக்காவிலும் காண்டோ முதற்புள்ளி அல்ல. செனகலின் நியானிங் வேளாண் பயிற்சி மையம் 1980-இலும், ஊகாடூகூவில் அடாவுவா அமைப்பு 1984-இல் கட்டி முடித்த பான் ஆப்பிரிக்க வளர்ச்சி நிறுவனம் 1992-இலும் ஆகா கான் விருது பெற்றவை. ஆக, நாட்டின் தலைநகரில் உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டு கட்டும் முயற்சி காண்டோவுக்குக் குறைந்தது பதினைந்து ஆண்டுகள் முந்தையது. காண்டோவில் கல் அறுப்பவர்களுக்குப் பயிற்சி தர லோக்கோமாட் என்ற அரசு அமைப்பு முன்வந்ததையும் இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். தனி ஒருவரின் கண்டுபிடிப்பு என்ற சித்திரம் இதிலும் தளர்கிறது.

உழைப்பின் பங்கீடு பற்றிக் காண்டோ பள்ளிக்கான ஆகா கான் விருது ஆவணம் தரும் செய்தி எனக்கு உரையைவிட வலிய சான்று. குழந்தைகள் அடித்தளத்துக்குக் கல் பொறுக்கினார்கள். கல் அறுக்கத் தேவையான தண்ணீரைப் பெண்கள் சுமந்தார்கள். தொலைவிலிருந்து பெரிய உத்திரங்களைக் கொண்டுவரவோ, தூக்க இயந்திரம் அமர்த்தவோ பணம் இல்லை. அதனால்தான் கூரைச் சட்டங்கள் மெல்லிய கம்பிகளாயின. கைரம்பமும் சிறிய வெல்டிங் இயந்திரமும் ஊராரின் கைக்கு வந்தன. இன்று வடிவமைப்பின் நேர்த்தியாகப் புகழப்படும் அந்தச் சட்டம், ஊரின் கை எதைத் தூக்க முடியும் என்பதால் தீர்மானமானது. தரையை ஊரார் சேர்ந்து மணிக்கணக்கில் தட்டி இறுக்கிக் கல்லால் மெருகேற்றியதைக் கேரேயே அதே உரையில் பெருமையோடு காட்டுகிறார். மழை படாத தரையில் ஊரின் பழைய நுட்பம் அப்படியே ஏற்கப்பட்டது. மழை படும் சுவரில் மட்டும் சிமெண்ட் சேர்ந்தது. ஊர் வைத்த ஐயத்தின் எல்லைக்கோடு கட்டடத்துக்குள்ளேயே வரையப்பட்டிருக்கிறது.

பெர்லினில் நிதி திரட்டிய ‘காண்டோவுக்குப் பள்ளிக் கற்கள்’ சங்கத்தை, அதைத் தொடங்கிய கேரேயின் உழைப்பை, நான் குறைத்து மதிப்பிடவில்லை. டெங்கோடோகோவில் நெரிசலும் புழுக்கமும் மிகுந்த வகுப்பறையில் படித்த சிறுவனின் நினைவு இல்லாமல் அந்தக் காற்றிடைவெளி வந்திருக்காது. வெப்பம் அவருடைய கேள்வி; மழை ஊருடைய கேள்வி. இரண்டில் எது முதலில் கூரையை வடிவமைத்தது என்பதற்கு வரைபடங்களின் கால வரிசை தேவை. கட்டி முடித்த கட்டடம் அதைக் காட்டாது.

பள்ளி எழுந்தபின் பக்கத்து ஊர்கள் இரண்டு தங்கள் பள்ளிகளைக் கூட்டு உழைப்பால் கட்டிக்கொண்டதையும், உள்ளாட்சி ஆசிரியர்களுக்குச் சம்பளம் தந்ததோடு காண்டோவில் பயின்ற இளைஞர்களை அதே முறையிலான பொதுப்பணிகளில் அமர்த்த முயன்றதையும் விருது ஆவணம் பதிவுசெய்கிறது. மாதிரி வளைவின் மேல் யாரும் குதித்துக் காட்டாமலே அந்த இரண்டு ஊர்களும் இணங்கியிருக்கின்றன. மழைக்குப் பிறகும் நின்ற சுவரை அவர்கள் நேரில் பார்த்திருந்தார்கள்.