நூல்முனையைப் பிடித்தவர்கள்: இந்திய நீதிமன்றங்களின் எழுத்தரும் மொழிபெயர்ப்பாளரும் கற்ற வரலாறு

1783ஆம் ஆண்டு கல்கத்தா உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியாக வந்திறங்கிய வில்லியம் ஜோன்ஸுக்குப் பாரசீகமும் அரபும் தெரியும், சமஸ்கிருதம் தெரியாது. இந்துக்களின் வாரிசுரிமை, ஒப்பந்தம் ஆகியவை பற்றிய வழக்குகளில் நீதிமன்றப் பண்டிதர்கள் எடுத்துரைக்கும் சாத்திரக் கருத்தை நம்பியே தீர்ப்பெழுத வேண்டியிருந்தது. அவர்கள் சொல்வது மூலநூலில் உள்ளதுதானா என்று சரிபார்க்க அவரிடம் வழியில்லை. அந்த ஐயமே அவரை 1785இல் சமஸ்கிருதம் பயிலத் தூண்டியது. 1786 பிப்ரவரி 2 அன்று ஆசியக் கழகத்தில் அவர் ஆற்றிய உரையில் சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகிய மூன்றும் ஒரு பொது மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்ற கருத்து வெளிப்பட்டது. ஒப்பீட்டு மொழியியலின் வரலாறு பெரும்பாலும் அந்த உரையிலிருந்து தொடங்கப்படுகிறது. அவ்வுரைக்கு முன்பிருந்த நீதிமன்ற அறையும், அங்கே நீதிபதியின் ஐயத்துக்கு ஆளாகி நின்ற பண்டிதரும் பாடநூல்களில் அரிதாகவே இடம்பெறுகின்றனர்.

நீதிபதியும் வழக்கறிஞரும் மட்டுமே நீதிமன்றத்தை நடத்துவதில்லை. முன்ஷி, சரிஸ்தாதார், பேஷ்கார், மொழிபெயர்ப்பாளர், நகல் எழுத்தர், வழக்கறிஞரின் குமாஸ்தா என ஒரு பெருங்கூட்டம் அவர்களுக்குப் பின்னால் இயங்கிவந்திருக்கிறது. இவர்களது தொழில் வரலாற்றில் இரண்டு செய்திகள் தொடர்ந்து தென்படுகின்றன. ஒன்று, இவர்கள் ஏறத்தாழ ஒவ்வொரு தலைமுறையிலும் தம் தொழிலைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. மற்றொன்று, அந்தக் கற்றலுக்கான பொறுப்பை அரசு முழுமையாக ஏற்றதே இல்லை.

1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த நீதித்திட்டம் இந்துக்களுக்குச் சாத்திரப்படியும் முஸ்லிம்களுக்குக் குர்ஆன்வழிச் சட்டப்படியும் தீர்ப்பு வழங்கப்பட வேண்டும் என்றது. அதற்காகப் பதினொரு பண்டிதர்கள் சமஸ்கிருதத்தில் ஒரு தொகுப்பு நூலை உருவாக்கினர். அது பாரசீகத்துக்குப் பெயர்க்கப்பட்டது. பாரசீகத்திலிருந்து நத்தானியேல் ஹால்ஹெட் ஆங்கிலத்துக்குக் கொணர்ந்தார். 1776இல் அச்சேறிய அந்நூலைக் கையில் வைத்திருந்த ஆங்கில நீதிபதி, மூலத்திலிருந்து இரண்டு மொழிகள் தள்ளி நின்றுதான் சட்டத்தைப் படித்தார். இந்த இடைவெளியின் விளைவை உணர்ந்த ஜோன்ஸ், ஜகந்நாத தர்க்கபஞ்சானனர் என்ற வங்காளப் பண்டிதரின் தலைமையில் புதியதொரு தொகுப்புக்கு வழிசெய்தார். 1794இல் ஜோன்ஸ் இறந்த பின்னர் கோல்புரூக் அதை மொழிபெயர்த்து முடித்தார். பண்டிதரை நம்பாமல் தொடங்கிய முயற்சியும் இறுதியில் ஒரு பண்டிதரின் உழைப்பையே சார்ந்து நின்றது.

அதே காலத்தில் கீழமை நீதிமன்றங்களின் அன்றாட மொழி பாரசீகம். மனு, வாக்குமூலம், உத்தரவு ஆகியவை 'ஷிகஸ்தா' எனப்படும் விரைவு எழுத்தில் எழுதப்பட்டன. 'ஷிகஸ்தா' என்ற சொல்லுக்கு 'உடைந்தது' என்று பொருள். புள்ளிகளை விட்டும், எழுத்துகளை இணைத்தும் முறித்தும் செல்லும் அந்தக் கையெழுத்தைப் பழகாத கண்ணால் படிக்க முடியாது. இலக்கியப் பாரசீகம் தெரிந்தவரும் பதிவேட்டைப் படிக்க ஒரு மூத்த முன்ஷியின் அருகில் அமர்ந்து பழக வேண்டியிருந்தது. பதிவேடுகளுக்குப் பொறுப்பானவர் சரிஸ்தாதார். 'சர்' என்றால் தலை அல்லது முனை. 'ரிஷ்தா' என்றால் நூலிழை. இழையின் முனையைக் கையில் வைத்திருப்பவர் என்பது அப்பதவிப் பெயரின் சொற்பொருள். இழைக்கும் ஏட்டுக்கும் 'நூல்' என்ற ஒரே சொல்லை ஆளும் தமிழருக்கு இந்த உருவகம் அந்நியமாகத் தோன்றாது.

ராம்மோகன் ராய் ஜான் டிக்பி என்ற ஆங்கில அதிகாரியின்கீழ்ச் சரிஸ்தாதாராகப் பணியாற்றியவர். பாரசீகத்திலும் அரபிலும் தேர்ந்திருந்த அவருக்கு ஆங்கிலம் தாமதமாகவே கைவந்தது. டிக்பியின் அலுவல் கடிதங்களை ஊன்றிப் படித்தும், ஐரோப்பியரோடு கடிதவழியாகவும் நேரிலும் உரையாடியும் அவர் அம்மொழியில் தேர்ச்சி பெற்றதை டிக்பியே பின்னாளில் பதிவு செய்தார். பள்ளியோ பாடத்திட்டமோ இன்றி, மேசைக்கு வந்த கோப்பே ஆசிரியராக அமைந்த கல்வி அது. பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான எழுத்தர்கள் கற்ற முறையும் இதுவே. ராயின் புகழால் இந்த ஒரு சான்று எஞ்சியது.

நிறுவனக் கல்விக்கான முயற்சிகள் இல்லாமற்போகவில்லை. 1781இல் கல்கத்தா மதரஸாவும் 1791இல் காசி சமஸ்கிருதக் கல்லூரியும் தோன்றியதற்கு நீதிமன்றங்களுக்குச் சட்ட அலுவலர் தேவைப்பட்டதும் ஒரு காரணம். 1793ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குவிதி வக்கீல்களின் நியமனத்தையும் கட்டணத்தையும் முதன்முறையாக வரையறுத்தது. 1812இல் சென்னையில் அமைந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி, கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்குத் தென்னிந்திய மொழிகளைக் கற்பித்ததோடு உள்ளூர் மாணவர்களுக்கும் சட்டப் பயிற்சி அளித்தது. எனினும் இவை சட்டம் உரைப்பவரையும் வாதாடுபவரையும் குறிவைத்தவை. சாட்சி சொன்னதை எழுதுபவரும் மொழிபெயர்ப்பவரும் பெரும்பாலும் அலுவலகத்தில் உட்கார்ந்தே கற்றனர்.

1837ஆம் ஆண்டின் 29ஆம் சட்டம் நீதிமன்றங்களில் பாரசீகம் கட்டாயம் என்ற நிலையை நீக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் வங்காளத்தில் வங்காளமும், வட இந்தியாவில் உருதுவும் அதன் இடத்தைப் பெற்றன. மக்களின் மொழிக்குக் கிடைத்த வெற்றியாக இம்மாற்றம் பேசப்படுகிறது, அது உண்மையும்கூட. ஆனால் பல ஆண்டுகள் உழைத்துப் பாரசீகப் பதிவுமுறையில் தேர்ந்திருந்த எழுத்தர் தம் முதன்மைத் தகுதியை இழந்ததும் அதே சட்டத்தால்தான். அவர்கள் சொற்களை மட்டும் உடன் எடுத்துக்கொண்டு புதிய மொழிக்குள் குடிபுகுந்தனர். வக்கீல், வக்காலத்து, ஜாமீன், ஜப்தி, ஆஜர், அசல், நகல், ரத்து, தாக்கீது, அமீனா என்று இன்றைய தமிழ் நீதிமன்ற வழக்கிலும் அச்சொற்கள் வாழ்கின்றன. அவற்றுள் சில பொருள் மாறியும் வந்துள்ளன. மூலமொழியில் 'ஜாமின்' என்பது பிணையாக நிற்கும் ஆளைக் குறித்தது. தமிழில் அது பிணை விடுதலையைக் குறிக்கிறது. 'ராஜிநாமா' இசைவுப் பத்திரம், அதாவது வழக்கை முடித்துக்கொள்ளும் உடன்படிக்கை. தமிழில் 'ராஜி' அந்தப் பழைய பொருளைக் காத்துக்கொண்டது. 'ராஜிநாமா' பதவி துறப்பதாக மாறிப்போனது. 1855இல் எச். எச். வில்சன் வெளியிட்ட நீதி, வருவாய்த்துறைச் சொல்லகராதி இத்தகைய சொற்களைப் பல இந்திய மொழிகளிலிருந்து திரட்டியது. அலுவலக அனுபவத்தால் மட்டுமே கைவந்த அறிவு அச்சு வடிவம் பெறத் தொடங்கிய காலம் அது.

1860இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நிறைவேறியது. 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலத்தில் சிந்திக்கப்பட்ட ஒரு சட்டத்தொகுப்பை இந்திய மொழிகளில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் எழுந்தது. அதன் உருது மொழிபெயர்ப்பில் பங்கேற்றவர்களுள் ஒருவர் நஸீர் அகமது. டெல்லிக் கல்லூரியில் அரபு பயின்ற அவர், ஆங்கிலத்தைப் பின்னர் பணியில் இருந்தபோதுதான் கற்றார். 'தாஸீராத்-ஏ-ஹிந்த்' என்ற அந்தச் சட்டப்பெயர், இந்தித் திரைப்படங்களின் நீதிமன்றக் காட்சிகள்வழி ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் மக்கள் காதில் ஒலிக்கிறது. 1869இல் அவர் எழுதிய 'மிராத்-உல்-உரூஸ்' உருதுவின் முதல் நாவலாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

தமிழிலும் இதற்கு இணையான வாழ்க்கை உண்டு. மாயூரம் வேதநாயகம் பிள்ளை திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளராகி, 1857இல் முன்சீப் ஆனார். அவருக்கு ஆங்கிலம் கற்பித்தவரும் ஒரு நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரே. 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழாக்கி, 1862இல் 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் வெளியிட்டார். 1879இல் அச்சான அவரது 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல். மலையாளத்தின் 'இந்துலேகா'வை 1889இல் எழுதிய சந்து மேனன் தலச்சேரி நீதிமன்றத்தில் எழுத்தராகத் தொடங்கி முன்சீப் ஆனவர்.

மூன்று மொழிகளின் உரைநடைப் புனைவும் நீதித்துறைப் பணியில் ஊறியவர்களிடம் உருப்பெற்றதை வெறும் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லுதல், சொன்னவர் யார் என்பதைப் பிரித்துக் காட்டுதல், காரணத்தையும் விளைவையும் ஒரே வாக்கியத்தில் பிணைத்தல், பேச்சுமொழியின் வேகத்தை எழுத்தில் நிறுத்துதல் ஆகியவை வாக்குமூலத்துக்கும் தேவை, நாவலுக்கும் தேவை. அச்சேறிய வங்காள உரைநடையின் தொடக்கக்கால நூல்களிலும் கம்பெனியின் ஒழுங்குவிதி மொழிபெயர்ப்புகள் இடம்பெறுகின்றன. 1793ஆம் ஆண்டுத் தொகுப்பை வங்காளத்தில் தந்த எச். பி. ஃபார்ஸ்டர், பின்னர் வங்காள அகராதி ஒன்றையும் தொகுத்தார். இந்திய மொழிகளின் நவீன உரைநடை வரலாற்றில் அச்சகத்துக்கும் மறைப்பணியாளருக்கும் தரப்படும் இடத்துக்கு அருகில் நீதிமன்ற எழுத்தரின் மேசைக்கும் ஓர் இடம் வேண்டும்.

மேலேறிய சிலரின் வாழ்க்கை பதிவானது. ஏறாதவர்களின் வாழ்க்கை ஐயத்தின் மொழியிலேயே பதிவானது. காலனியக் கால அறிக்கைகளில் 'அம்லா' எனப்பட்ட எழுத்தர் கூட்டம் கையூட்டு வாங்குவோர், சொல்லைத் திரிப்போர் என்றே பெரிதும் சித்திரிக்கப்பட்டது. முறைகேடு இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பொருளறிய அவர்களையே முற்றிலும் சார்ந்திருந்த ஓர் ஆட்சி, அந்தச் சார்பின்மீது கொண்ட அச்சத்தையும் அவர்களது குணக்கேடாகவே எழுதிவைத்தது. 1864ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம் நீதிமன்றப் பண்டிதர், மௌல்வி பதவிகளை ஒழித்தது. அச்சிட்ட மொழிபெயர்ப்புகளும் முன்தீர்ப்புகளும் அவர்களது இடத்தைப் பிடித்தன. சட்டம் உரைப்பவர் மறைந்தார். சாட்சியின் சொல்லைப் பெயர்ப்பவரின் தேவை மட்டும் மறையவில்லை.

விடுதலைக்குப் பின் அத்தேவை அரசியல் சட்ட உரிமையோடு பிணைந்தது. தடுப்புக்காவலில் வைக்கப்பட்டவருக்கு அதற்கான காரணங்களைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 22ஆம் உறுப்பு. ஆங்கிலம் அறியாதவரிடம் ஆங்கிலத்தில் மட்டும் ஆணையைக் கொடுப்பது 'தெரிவித்தல்' ஆகாது என்று 1962இல் ஹரிகிஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1968இல் ஒடிசாவைச் சேர்ந்த ஹாடிபந்து தாஸ் வழக்கில், பதினான்கு பக்க ஆங்கில ஆணையை வாய்மொழியாக விளக்கியது போதாது என்றது. 1980இல் லல்லுபாய் ஜோகிபாய் படேல் வழக்கில், குஜராத்தி மட்டுமே அறிந்தவருக்கு எழுத்து வடிவ மொழிபெயர்ப்பு தரப்படாததைக் குறையாகக் கண்டது. மொழிபெயர்ப்பு இல்லாமையே ஒரு மனிதரைச் சிறையில் வைத்த ஆணையை வீழ்த்தக்கூடும் என்பதை இத்தீர்ப்புகள் நிலைநிறுத்தின.

அத்தனை எடை தாங்கும் பணியைச் செய்பவருக்குச் சட்டம் விதித்திருப்பது என்ன? 1969ஆம் ஆண்டின் ஆணைமொழிச் சட்டம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்கிறது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அவர் உண்மையாக மொழிபெயர்க்கக் கடமைப்பட்டவர் என்றது. நேர்மையைக் கோரும் இவ்விதிகள் பயிற்சியைக் கோரவில்லை. பஸ்தரில் கோண்டி மட்டும் பேசும் ஒருவர் இந்தியில் நடக்கும் விசாரணையில் நிற்கும்போது, இரண்டு மொழியும் ஓரளவு தெரிந்தவர் எவரோ அவரே மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடும் நிலை உண்டு. அவர் உண்மையே சொல்வதாக உறுதி கூறலாம். 'அடித்தேன்' என்பதற்கும் 'தள்ளினேன்' என்பதற்கும் இடையிலான வேறுபாட்டைப் பிடிக்க உறுதிமொழி மட்டும் போதாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இந்த வகையில் முன்னே சென்றது. குழந்தையின் வாக்குமூலத்துக்கு உதவும் மொழிபெயர்ப்பாளரின் தகுதி, அனுபவம், கட்டணம் ஆகியவற்றை அது குறிப்பிட்டது. மாவட்டம்தோறும் அவர்களுக்கான பதிவேடு பேணவும் அதன்கீழ் அமைந்த விதிகள் வகைசெய்தன. 2023 செப்டம்பரில் செவித்திறனற்ற வழக்கறிஞர் ஒருவர் வாதிடச் சைகைமொழி பெயர்ப்பாளருக்கு உச்ச நீதிமன்றம் அனுமதி அளித்தது.

மறுபுறம், கற்க வேண்டியவை பெருகிக்கொண்டே உள்ளன. 2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. கொலைக்கான 302 என்ற எண் 103 ஆனது. பழமொழி அளவுக்குப் பரவியிருந்த 420 என்ற எண் 318 ஆனது. படிவம், பதிவேடு, அட்டவணை அனைத்தையும் மாற்றி எழுதியவர்கள் எழுத்தரும் குமாஸ்தாக்களும். பழைய வழக்குகள் பழைய எண்ணிலும் புதியவை புதிய எண்ணிலும் நடப்பதால் இரண்டு எண்வரிசைகளையும் அவர்கள் ஒருசேர நினைவில் வைக்க வேண்டும். மின்தாக்கல் முறை இன்னொரு பாடம். 2019இல் உச்ச நீதிமன்றம் அறிமுகப்படுத்திய 'சுவாஸ்' என்ற இயந்திர மொழிபெயர்ப்பு மென்பொருள் மற்றொன்று. மேல்முறையீட்டுக்கு அனுமதி என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரை இயந்திரம் 'விடுமுறை அனுமதிக்கப்பட்டது' என்று பெயர்த்ததை உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரே பொதுமேடையில் எடுத்துக்காட்டினார். பிழையைக் கண்டவர் இரு மொழியும் சட்டமும் அறிந்த மனிதர். அத்தகையவர் தொடர்ந்து உருவாவதற்கான வழி இன்றும் பெரும்பாலும் மூத்தவர் அருகில் அமர்ந்து கற்பதாகவே உள்ளது.

நீதிமன்றத்தில் எழுந்த ஒரு மொழிச்சிக்கலால் மொழியியல் பெரும்பயன் பெற்றது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் மொழியியல் துறைகள் அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்த வழிகள் உண்டு. கோண்டி, சந்தாலி, ஹோ, குருக் முதலிய மொழிகளுக்கு நீதிமன்றச் சொற்களஞ்சியம் தொகுக்கலாம். பணியில் உள்ள மொழிபெயர்ப்பாளருக்கு மாலைநேரச் சான்றிதழ்ப் படிப்பு நடத்தலாம். ஓய்வுபெறும் சரிஸ்தாதார்களிடமும் குமாஸ்தாக்களிடமும் உள்ள சொல்லறிவை ஒலிப்பதிவு செய்யலாம். இவற்றுள் கடைசிப் பணிக்குத்தான் காலம் குறைவு.